பயிர்க்காவல் துப்பாக்கியும் அதன் நியாயமான கிரயமும்

ஒரகடத்துக்கு அடுத்த வடக்குப்பட்டில் 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையார் நிலத்தை அகழ்ந்தபோது, மேல்மண்ணுக்குச் சிறிது கீழேயே பழங்கற்கால மக்கள் ஆண்ட கைக்கோடரி, சுரண்டி, வெட்டுகல் முதலியவை கிடைத்தன. வேட்டையால் உயிர் பிழைத்த மாந்தர் பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவற்றை அவ்விடத்தில் செய்திருக்கவேண்டும் என்பது ஆராய்ந்தோர் கருத்து. அக்கற்கோடரி ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்கு மாறியபோது எந்த அதிகாரிக்கும் அறிக்கை அனுப்ப வேண்டியிருந்திராது. இன்று அவ்வட்டாரத்துக் குடியானவர் வீட்டில் பழைய துப்பாக்கி ஒன்று இருந்து, அதனை விற்கும்படி நேருமாயின், காரியம் அவ்வளவு எளிதன்று. விலை இன்னதென்று தெரியாமல் ஏமாறுவோர் ஒரு புறம். சட்டம் இன்னதென்று தெரியாமல் சிறைக்கஞ்சி வந்த விலைக்குத் தள்ளிவிடுவோர் மற்றொரு புறம். இவ்விரு வகையாருக்கும் பயன்படுமாறு இவ்விஷயம் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

குடியானவர் வீட்டில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று நகரத்தார் கேட்கக்கூடும். ஏரும் கவலையும் போல அதுவும் ஒரு காலத்தில் சாகுபடிச் சாமானாகவே இருந்தது. கடலைக் கொல்லையில் பன்றி இறங்கினால் இரவெல்லாம் தகரம் தட்டுவதைக் காட்டிலும் ஒரு வெடிச்சத்தம் மேலானது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் காலத்திலேயே பயிர்க்காவலுக்கென லைசென்ஸுகள் வழங்கப்பட்டுவந்தன. அச்சட்டத்தை நீக்கி 1959-இல் இயற்றப்பெற்று, 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த இப்போதைய ஆயுதச் சட்டமும் குடியானவரை மறந்துவிடவில்லை. அதன் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் குறித்தே பேசுகிறது. அது போதாது என்று லைசென்ஸு அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், திருகுவரி இல்லாத வேறு துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். ஆகவே கிராமங்களில் காணப்படுபவை பெரும்பாலும் மூன்று இனம். கருமருந்தும் ரவையும் வாய்வழி இட்டுக் கெட்டிக்கும் கேப்புத் துப்பாக்கி ஒன்று. தோட்டா இடும் 12 போர் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கி மற்றொன்று. குழலின் உட்புறம் திருகுவரி ஓடிய வேட்டை ரைபிள் மூன்றாவது. மூன்றாவது இனம் அருமை. பழைய மிராசுதார் வீடுகளிலும், வேட்டையில் விருப்பமுள்ள உத்தியோகஸ்தர் வழிவந்த வீடுகளிலுமே அது காணப்படும்.

வேட்டை என்ற சொல்லைக் குறித்து முதலிலேயே ஒன்று சொல்லியாக வேண்டும். செங்கற்பட்டுச் சீமையின் ஏரிகள் உள்ளான் சுடுவதற்குப் பேர்போனவை. ஆயினும் அந்தச் சீமையிலேயே, துப்பாக்கிக்கு எதிராகக் குடிகள் நின்று வென்ற வரலாறும் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டிய பறவைகளைக் கும்பெனிச் சிப்பாய்கள் சுட்டபோது, கிராமத்தார் கலெக்டரிடம் முறையிட்டு, அவ்வாறு சுடலாகாது என்ற உத்தரவைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெற்றுக்கொண்டனர். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் அவர்களுடைய வயலுக்கு எருவாயிற்று என்பதே காரணம். குடியானவர் கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு வரம்பு கட்டிற்று. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை அநேகமாக முற்றிலும் நிறுத்திவிட்டது. பன்றி பயிரை அழித்தாலும் குடியானவர் தாமாகச் சுட்டுவிட இயலாது. தமிழ்நாட்டில் 2025-இல் வகுக்கப்பட்ட முறைப்படியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பு வன இலாகாவையே சார்ந்தது. ஆகையால் “இது புலி சுட்ட ரைபிள்”, “மான் வேட்டைக்கு இதற்கு இணை இல்லை” என்று புகழ்ந்து விலை ஏற்றுவது வீண். இன்று லைசென்ஸுள்ள ஒருவர் துப்பாக்கி வாங்குவது தற்காப்புக்காக, குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காக, அல்லது பயிர்க்காவலில் வெடியோசைக்காக. விலையும் அந்தப் பயனுக்குத் தக்கதாகவே இருக்கவேண்டும்.

இனி, இத்தகைய விற்பனை பெரும்பாலும் எவ்வாறு நேருகிறது என்பதைப் பார்த்தல் வேண்டும். வடக்குப்பட்டைச் சுற்றிய கிராமங்களில் நஞ்சையும் புஞ்சையும் பெருமளவு தொழிற்சாலைகளுக்கும் சாலைகளுக்கும் மனைகளுக்கும் போய்விட்டன. ஒரகடத்தில் 2010-இல் மோட்டார் கார் தொழிற்சாலையும், 2012-இல் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து வந்தவை பல. காக்க வேண்டிய பயிர் குறைந்தது. காவல் சாமான் மட்டும் பெட்டியில் தங்கிற்று. இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்க. பெரியவர் பெயரில் லைசென்ஸு. அவர் காலஞ்சென்றுவிட்டார். பிள்ளைகள் இருவரும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். பெண் வேறூரில் வாழ்க்கைப்பட்டவள். பதினாறாம் நாள் கழிவதற்குள் தரகர் ஒருவர் வந்து, “பெரியம்மா, லைசென்ஸுதாரர் போனபின் இது வீட்டிலிருப்பதே குற்றம். போலீசுக்குத் தெரிந்தால் பிள்ளைகளுக்குத்தான் சங்கடம். இரும்பு விலைக்கு நான் எடுத்துக்கொண்டு போகிறேன்” என்று சொல்லுவார். அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையே மற்றப் பாதியை விற்றுக்கொடுக்கிறது.

லைசென்ஸு இல்லாதவர் வசம் துப்பாக்கி இருப்பது குற்றமே. ஆனால் அதற்குச் சட்டம் காட்டிய வழி இரும்பு விலைக்கு விற்பதன்று. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, எக்காரணத்தாலாவது ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டத்துக்கு மாறாகிவிட்டால், அதனை வீண் தாமதமின்றி அடுத்துள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும் என்கிறது. அதே பிரிவு மேலும் சொல்வதைக் கேட்டறிந்தவர் சிலரே. ஒப்படைத்தவரோ, அவர் இறந்தால் அவருடைய வாரிசோ, குறித்த கெடுவுக்குள் லைசென்ஸு பெற்று அப்பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அல்லது உரிமையுள்ள வேறொருவருக்கு விற்று, விலைப் பணத்தைத் தாமே பெறலாம். துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தாலும் சொத்து குடும்பத்தினுடையதே. அது விதவைக்கும் பிள்ளைகளுக்கும், வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணுக்கும் பொதுவான சொத்து என்பதும் மறக்கத் தக்கதன்று.

ஆகையால் முதல் வேலை விற்பதன்று; ஒப்படைத்து ரசீது பெறுவது. ஒப்படைத்த அன்றே அவசரம் தீர்ந்துவிடுகிறது. அவசரம் தீர்ந்த பொருளுக்குத்தான் நியாயமான விலை பிறக்கும். ரசீதில் துப்பாக்கியின் இனம், செய்தவர் பெயர், இலக்கம், குழலின் நீளம், அப்போதிருந்த நிலை, உடன் கொடுத்த தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா என்று அங்கேயே படித்துப் பார்க்கவேண்டும். கெடுவின் கடைசித் தேதியையும் கேட்டு எழுதிக்கொள்வது அவசியம். ஏனெனில், அக்கெடு கடந்தும் திரும்பப் பெறாமலும் விற்காமலும் விட்டால், ஜில்லா மாஜிஸ்திரேட்டின் உத்தரவினால் அது சர்க்காருக்குப் பறிமுதலாகலாம். ஸ்டேஷனில் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுவோர் இழப்பது இவ்வாறே. தரகரிடம் ஏமாறுவதைவிட இது பெரிய நஷ்டம்; அங்கே இரும்பு விலையாவது கிடைத்திருக்கும்!

வியாபாரியிடம் ஒப்படைப்பதில் ஒரு சௌகரியமும் ஓர் இடைஞ்சலும் உண்டு. அவரிடம் வைத்த துப்பாக்கி எண்ணெய் கண்டு இருக்கும். வாங்க வருவோர் கண்ணிலும் படும். ஸ்டேஷன் அறையில் பல ஆயுதங்களோடு சாய்த்து வைக்கப்பட்டது ஒரு மழைக்காலத்திலேயே துருவேறும். தேர்தல் காலங்களில் ஒப்படைத்து மீட்டவர்கள் இதனை நன்கறிவர். ஆனால் வியாபாரி காப்புக்கூலி வாங்குவார். அது மாதத்துக்கு எவ்வளவு, விற்றுக்கொடுத்தால் தரகு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்காவிடில், விற்ற பணத்தில் பெரும்பகுதி கூலியாகவே கழிந்துவிடும். வீட்டில் உள்ள துப்பாக்கியை லைசென்ஸு இல்லாத பிள்ளை தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவது சரியன்று. முதலில் ஸ்டேஷனுக்கு எழுத்துமூலம் செய்தி கொடுத்து, அவர்கள் சொல்லும் முறையில் கொண்டுபோய்ச் சேர்ப்பிப்பதே முறை.

விலைக்கு வருவோம். பழைய துப்பாக்கிக்கு மாட்டுச் சந்தையைப் போல நாளங்காடி விலை கிடையாது. வாங்கத் தகுதியுள்ளவர் சிலர், விற்கவேண்டியவரும் சிலர். ஆதலால் கேட்டதே விலை, கொடுத்ததே விலை என்றாகிவிடுகிறது. ஆயினும் மதிப்பை நிர்ணயிப்பவை முக்கியமாக மூன்று: காகிதம், தோட்டா, குழல். செதுக்கு வேலைப்பாடும் வெள்ளிப் பூணும் இவற்றுக்குப் பின்னால் வருபவை.

காகிதம் என்பது துப்பாக்கியில் வெட்டிய இலக்கமும் லைசென்ஸில் எழுதிய இலக்கமும் ஒன்றாயிருத்தல். பழைய லைசென்ஸுப் புத்தகங்களில் கைப்பிழையாக ஓர் எண் மாறி, பல புதுப்பித்தல்களிலும் அப்படியே தொடர்ந்திருப்பது உண்டு. இதனை விற்பனைக்கு முன்னரே மனுச் செய்து திருத்திக்கொள்ள வேண்டும். பேரம் நடக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டால் வாங்குபவர் விலையில் பாதியைக் கேட்பார். இலக்கமே அழிந்துபோனதும் அராவப்பட்டதுமான துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடுக்கிறது. குழலின் முனையை யாரேனும் அறுத்துக் குறுக்கியிருந்தாலும் அவ்வாறே தொல்லை. 13-ஆம் பிரிவு சொல்லும் திருகுவரியில்லாத துப்பாக்கியின் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. முனை பிளந்ததென்று கிராமத்துக் கொல்லர் அறுத்துக் கொடுத்த குழல்கள் பல இவ்வளவைத் தாண்டிக் குறைந்துபோனவை. அத்தகையதை விலைக்குக் கூறுவதற்குமுன் அதிகாரியிடம் கொண்டு காட்டுவதே யுக்தம்.

அடுத்தது தோட்டா. இதனை வாங்குவோர் நன்றாக அறிவர். விற்போர் சிறிதும் நினைப்பதில்லை. எவ்வளவு உயர்ந்த சீமைத் துப்பாக்கியாயினும் அதற்குரிய தோட்டா இந்நாட்டில் கிடைக்காதாயின், அது வீட்டில் வைக்கும் விளக்குத்தண்டுதான். நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகள் செய்யும் வேட்டை ரைபிள்களில் மிகப் பரவலானது .315 போர் எனப்படும் 8 மில்லிமீட்டர் ரைபிள். இஷாப்பூரிலும் நம் திருச்சிராப்பள்ளியிலும் ரைபிள் தொழிற்சாலைகள் உள்ளன. பட்டாளத்து .303 தோட்டாவைத் தனியார் வைத்திருக்கலாகாது என்ற காரணத்தால், அதே பூட்டு அமைப்பில் வேறு போர் கொண்டு உண்டாக்கப்பட்டது இது. இதன் தோட்டா கிர்க்கியில் செய்யப்படுகிறது. 12 போர்த் தோட்டாவும் அவ்வாறே உள்நாட்டில் கிடைப்பது. இவ்விரண்டு போர்களில் அமைந்த துப்பாக்கி கைமாறும்போது விலை நிதானமாய் இருப்பதற்கு இதுவே காரணம். .275, .375, .423 முதலிய சீமை ரைபிள்களுக்குத் தோட்டா தேடி அலையவேண்டும். கிடைத்தாலும் ஒரு தோட்டாவின் விலை கேட்போரைத் திடுக்கிட வைக்கும்.

ஆயினும் சீமைத் துப்பாக்கி என்றவுடன் மதிப்பில்லை என்று தள்ளுவதும் தவறு. 1980-களின் நடுப்பகுதிக்குப் பின் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி வரவழைப்பது, போட்டியில் சுடும் வீரர் போன்ற சிலர் நீங்கலாக, நின்றுபோயிற்று. ஆகவே அதற்குமுன் வந்தவையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு விருப்பமுள்ளவர் இருக்கிறார்கள். சென்னை மவுண்ட் ரோடில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்டு சன்ஸ் கடையும் ஒரு காலத்தில் துப்பாக்கி விற்றது. குழலின்மேல் சென்னைக் கடையின் பெயரும் ரங்கூன் பெயரும் பொறித்த ரைபிள்கள் அக்கடையில் விற்றவையே. இப்படிப்பட்ட பெயரைக் கண்டால் தரகரின் முகம் மாறும், வாய் மாறாது. குழலின்மேலுள்ள எழுத்துக்களையும், அடியிலுள்ள சோதனை முத்திரைகளையும் எழுதிவைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு வியாபாரிகளிடம் மதிப்புக் கேட்டால், ஏமாற்றத்தின் பெரும்பகுதி ஒழிந்துவிடும். துப்பாக்கி அசையவேண்டியதில்லை; காகிதம் அசைந்தால் போதும்.

மூன்றாவதான குழலே மெய்யான சரக்கு. பார்ப்பதற்குமுன் துப்பாக்கி காலியாயுள்ளதா என்று தேர்ந்தவர் ஒருவர் திறந்து காட்டவேண்டும். பிறகு உட்புறம் தடவியுள்ள எண்ணெயை உலர்ந்த துணிகொண்டு முழுவதும் துடைத்த பின்னரே பார்க்கவேண்டும். கனத்த எண்ணெய் துருக்குழிவை மறைக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குழலினூடே நோக்கினால், நல்ல குழலில் ஒளிவளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒழுங்காய்த் தோன்றும். எங்கேனும் வளையம் கோணிக் கறுத்துத் தோன்றினால் அங்கே உட்குழிவு அல்லது புடைப்பு உண்டு. புடைப்பு உள்ள குழல் எந்நேரமும் வெடிக்கலாம். அதனை விலைக்குக் குறைத்துக் கொடுப்பதும் நியாயமன்று, கொடுக்கவே கூடாது. ரைபிளில் திருகுவரியின் விளிம்பு கூர்மையாய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பின்புறத்தில் நன்றாயிருந்து முனையில் மட்டும் தேய்ந்திருந்தால், வாய்வழியாக இரும்புக்கோலை விட்டுத் துடைத்த கையின் வேலை அது. ரைபிளின் போல்ட் தோட்டாவைச் சரியான இடத்தில் தாங்குகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. வியாபாரியிடமுள்ள அளவுகருவியால்தான் தெரியும். இரட்டைக்குழலாயின் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியை மெல்ல ஆட்டிப் பார்ப்பது வழக்கம். கடகடவென்று ஆடினால் கீல் தேய்ந்தது.

பழைய சீமை இரட்டைக்குழல்களைப் பற்றித் தனியே எச்சரிக்கவேண்டியது உண்டு. அவற்றில் பல, இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு, அதாவது 65 மில்லிமீட்டருக்கு, அறை குடையப்பட்டவை. இக்காலத்து 70 மில்லிமீட்டர்த் தோட்டாவும் அதனுள் தடையின்றி நுழைந்துவிடும். ஆனால் சுடும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமின்றி அழுத்தம் அளவுக்குமேல் ஏறும். இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்த, பாம்புத்தோல் போல் வரியோடிய குழல்கள் கருமருந்துக்கென்று செய்யப்பட்டவை. புகையில்லா மருந்து அடைத்த தோட்டாவை அவற்றில் போடுவது உயிருக்கு ஆபத்து. விற்பவர் இதனை அறிந்தும் சொல்லாமல் விற்றால், பெறுவது நல்ல விலையாயிருக்கலாம், நியாயமான விலையன்று. அறையின் அளவு ரசீதிலேயே எழுதப்படுவது இருவருக்கும் காப்பு.

இவற்றையெல்லாம் பார்த்தபின் கணக்கு எவ்வாறு போடுவது? சட்டத்தில் இதற்கு விதி இல்லை. பேரத்துக்கு ஓர் அளவுகோலாகப் பழைய அணாக் கணக்கைக் கொள்ளலாம். அதே இனத்து உள்நாட்டுத் துப்பாக்கியைப் புதிதாக வாங்க இன்று எவ்வளவு ஆகும் என்று வியாபாரியிடம் கேட்டறிந்து, அத்தொகையைப் பதினாறு அணா என்று வைத்துக்கொள்க. குழல் மாசற்று, பூட்டு இறுக்கமாய், கட்டை பிளவின்றி, காகிதம் ஒழுங்காய் உள்ள பழைய துப்பாக்கியைப் பத்தணாவுக்குக் கீழே கேட்டால் மறுத்துவிடலாம். பன்னிரண்டணாவுக்கு மேலே சொன்னால், வாங்குபவர் புதியதையே நாடிப்போவார். குழலில் துருக்குழிவு பரவலாய் இருந்தால் மூன்றணா தள்ளலாம். கட்டை பிளந்திருந்தால் புதுக்கட்டை போடும் கூலியை முழுவதும் தள்ளவேண்டும்; பாதி தள்ளுகிறேன் என்பது பேரத்தந்திரமே ஒழிய நியாயமன்று. உதாரணமாக, புதியதன் விலை ரூ. 80,000 என்று கணக்குக்காக வைத்தால், ஓர் அணா ரூ. 5,000 ஆகிறது. பதினோரணா மதிக்கத்தக்க துப்பாக்கி ரூ. 55,000, குழிவுக்கு மூன்றணாவாகிய ரூ. 15,000-மும், கட்டைக் கூலிக்கு ரூ. 4,000-மும் தள்ளினால் ரூ. 36,000 நிற்கிறது. அதையே இரும்பென்று ஐயாயிரத்துக்கு எடுத்துப்போனவர் லாபம் எவ்வளவு என்று வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

சாயம் ஏற்றிப் பளபளப்பாக்கியதற்காக ஓர் அணாவும் கூட்டலாகாது. பழைய நீலம் மங்கிய துப்பாக்கியைக் காட்டிலும், புதிதாக மெருகிட்டதைப் பார்க்கும்போதே வாங்குபவர் அதிக ஐயம் கொள்ள வேண்டும். மெருகிடும் கருவி துருவோடு எழுத்தையும் தேய்த்துவிடும். பெட்டியில் கிடக்கும் பழந்தோட்டாக்களுக்கும் விலை சேர்க்கலாகாது. அவை லைசென்ஸில் கணக்குள்ள பொருள்கள். துப்பாக்கியோடு கணக்குக் காட்டி ஒப்படைக்கப்பட வேண்டியவை. காலமும் விலையை அசைக்கும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, மிகுதியானதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொல்லிற்று. அத்தகைய சமயங்களில் விற்க விரும்புவோர் ஒரே காலத்தில் பெருகுவர். கெடு இடங்கொடுக்குமானால் அந்த நெரிசல் தணியக் காத்திருப்பது நலம்.

விலை பேசி முடிந்தபின் கொடுக்கும் முறையைப் பார்க்கவேண்டும். தனியொருவருக்கு விற்பதாயின், சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, விற்கும் எண்ணத்தையும், வாங்குபவருடைய பெயர் விலாசத்தையும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ அடுத்துள்ள போலீஸ் ஸ்டேஷன் அதிகாரிக்கோ எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும். அவ்வறிவிப்புக் கொடுத்து 45 நாள் கழியுமுன் துப்பாக்கி கைமாறலாகாது. இதனை இடைஞ்சல் என்று சிலர் குறைகூறுவர். விற்பவருக்கு இதைவிட நல்ல காவல் வேறில்லை. அந்த 45 நாளில் வேறிடத்தில் விலை விசாரிக்கலாம், குடும்பத்தாரைக் கலக்கலாம், வாங்குபவர் லைசென்ஸு அந்த இனத்துக்கு உரியதா, கெடு உள்ளதா, தேசிய ஆயுத லைசென்ஸுப் பதிவில் அவருக்குரிய தனி அடையாள எண் உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். “இன்றே பணம், இன்றே சாமான்” என்று அவசரப்படுத்துபவர் எவராயினும், அவர் சட்டப்படி வாங்க வந்தவர் அல்லர் என்று கொள்வதில் பிழையிராது. அவரிடம் கொடுத்த துப்பாக்கி நாளை எங்கே எவர் கையில் அகப்படும் என்று யாரும் சொல்லமுடியாது. அகப்படும்போது இலக்கம் பெரியவரின் பெயரைச் சொல்லும். முறைகெட்ட விற்பனைக்கு இப்போது ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரை போகலாம். ஐயாயிரம் ரூபாய்க்காக எவரும் ஏற்கத்தக்க அபாயமன்று.

வாரிசுகள் விற்பதாயின் தாசில்தாரிடம் பெற்ற வாரிசுச் சான்றிதழும், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட சம்மதமும் முதலிலேயே கையில் இருத்தல் நன்று. பணம் பாங்கி மூலம் வருவது இருவருக்கும் சாட்சி. ரசீதில் மெய்யான விலையையே எழுதவேண்டும். விற்பனை முடிந்ததும், பழைய லைசென்ஸிலிருந்து அத்துப்பாக்கி நீக்கப்பட்டதற்குக் கச்சேரியிலிருந்து எழுத்து வாங்காமல் விடலாகாது. பிள்ளைகளில் ஒருவருக்கு உண்மையாகவே தேவை இருந்து, வைத்துக்கொள்ள விருப்பமானால், வாரிசு என்ற முறையில் தம் பெயருக்கு லைசென்ஸு கோரி மனுச் செய்யலாம். அப்போது மற்றவர் பங்குக்கு மேலே சொன்ன கணக்கின்படி பணம் கொடுத்துவிடுவது பின்னால் மனத்தாங்கல் வராமல் தடுக்கும்.

கடைசியாக, கேப்புத் துப்பாக்கி. கிராமங்களில் உள்ளவற்றில் பெரும்பாலானவை இவ்வினமே, விலையிலும் கடைசி. இதற்குப் புதியதன் விலையைக் கொண்டு அணாக் கணக்குப் பார்ப்பது பயனற்றது. வாங்கத் தக்கவர் பயிர்க்காவல் லைசென்ஸுள்ள மற்றொரு குடியானவரே. அவருக்கும் கருமருந்து தேடுவது கஷ்டம். பூட்டு நன்றாக அடித்து, முளையின் துளை அடையாமல், குழல் கனமாய் இருந்தால் எளிய விலை ஒன்றைக் கேட்கலாம்; இல்லாவிடில் ஒப்படைத்து, பாத்தியதை விட்டதாக எழுதிக்கொடுப்பது மேல். ஆனால் அதைத் தொடுவதற்குமுன் ஒன்று செய்தாக வேண்டும். பெரியவர் எந்த இரவிலோ பன்றிக்கென்று கெட்டித்துவைத்த மருந்து இன்னும் உள்ளே இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து பல ஆண்டுகள் கழிந்தும் வேகம் குறையாது. தேர்ந்தவர் ஒருவர் கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, வாயருகே விரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின்மேல் ஒட்டிவைத்துப் பார்ப்பார். கோலின் அடி முளைவரை எட்டாமல் மூன்று நான்கு விரற்கடை மேலேயே நின்றால், உள்ளே கெட்டு இருக்கிறது. அதைக் குடையவோ அடுப்பருகே வைக்கவோ சுட்டுத் தீர்க்கவோ முயலாமல், குழலின் வாய் எவர் பக்கமும் திரும்பாதபடி கிடத்தி, ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்பவேண்டும்.